நிறைகோலும் மதிப்பெண்ணும்

நல்லாசிரியனுக்கு உவமையாக நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகிய நான்கனைப் பவணந்தி முனிவர் தம் நன்னூலில் எடுத்துரைக்கின்றார். அவற்றுள் நிறைகோல் தனிச்சிறப்புடையது. பொருளின் அளவை ஐயமற உணர்த்துவதும், எப்பக்கமும் சாயாது நடுவு நிற்பதும் அதன் இயல்புகளாகும். கற்பிப்பவனே எடையிடுபவனும் ஆவான் என்னும் கருத்து அவ்வுவமையுள் அடங்கிக் கிடக்கின்றது.

மலேசியத் தொடக்கப்பள்ளி ஆசிரியரின் கையிலிருந்து அந்நிறைகோல் நெடுங்காலம் வாங்கி வைக்கப்பட்டிருந்தது. ஆறாண்டுக் கல்வியின் முடிவில் மாணவனை எடையிட்டது அரசின் பொதுத்தேர்வே. 2020ஆம் ஆண்டுத் தேர்வு பெருந்தொற்றின் காரணமாகக் கைவிடப்பட்டது. 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், யூ.பி.எஸ்.ஆர். தேர்வு முற்றாக நீக்கப்பட்டதெனக் கல்வியமைச்சு அறிவித்தது. மறு ஆண்டில் மூன்றாம் படிவத்துக்குரிய பி.தி.3 தேர்வும் அவ்வழியே சென்றது. நிறைகோல் மீண்டும் ஆசிரியர் கைக்கு வந்தது. வந்த கோல் நேராக நிற்கின்றதா என்பதும், தமிழ்மொழிப் பாடத்துக்கு இம்மாற்றத்தால் விளைந்தது ஆக்கமா கேடா என்பதும் ஆராய்தற்குரியன.

இரு மரபுகள்

தொடர் மதிப்பீடு மேலைநாட்டிலிருந்து வந்த புதுமை என்றும், பொதுத்தேர்வு ஆங்கிலேயர் விட்டுச்சென்ற எச்சம் என்றும் கூறுவாருளர். தமிழர் கல்வி மரபை நோக்குங்கால் இருவகை அளவைகளும் பண்டே இருந்தமை புலனாகும்.

மாணாக்கரின் இயல்பை ஆராயும் நன்னூலார் அவர்களைத் தலை, இடை, கடை எனப் பகுக்கின்றார். பாலை மட்டும் பிரித்துண்ணும் அன்னத்தையும், மேய்ந்ததைப் பின்னர் அசைபோடும் பசுவையும் தலைமாணாக்கருக்கு உவமையாக்குகின்றார். சொல்லிக்கொடுத்ததை மட்டும் திருப்பிச் சொல்லும் கிளி இடைமாணாக்கரைச் சாரும். வார்த்ததை எல்லாம் ஒழுகவிடும் ஓட்டைக்குடம் கடையர் வரிசையில் நிற்கும். இவ்வேறுபாடுகளைக் காண ஆசிரியன் மாணாக்கனோடு பல நாள் பழகியிருத்தல் வேண்டும். ஒருநாள் எழுத்துத்தேர்வில் பசுவையும் கிளியையும் வேறுபடுத்தி அறிதல் அரிது. ஒருவேளை கிளியே முந்தி நிற்கவும் கூடும்.

மற்றொரு மரபு அரங்கேற்றமாகும். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில், தொல்காப்பியம் அரங்கேறிய செய்தியை அதன் பாயிரம் தருகின்றது. ஒருவனுடைய புலமைக்கு அவன் ஆசிரியரின் பாராட்டு மட்டும் சான்றாகாது. புறத்தே நிற்கும் அவையினர் தடை எழுப்பி, விடை கேட்டு, ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும் என்பதே அரங்கேற்றத்தின் உட்கருத்து. ஆகவே வகுப்பறை மதிப்பீடு, பொதுத்தேர்வு ஆகிய இரண்டுக்கும் தமிழ்மரபில் வேர் உண்டு. ஒன்று அணுகிக் காண்பது. மற்றொன்று விலகி நின்று காண்பது.

பொதுத்தேர்வு தந்த காப்பு

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 1988ஆம் ஆண்டு தொடங்கியது. அதற்கு முன்னர் ஐந்தாம் ஆண்டு மாணவருக்கு மதிப்பீட்டுத் தேர்வு ஒன்று நடைபெற்று வந்தது. இத்தேர்வுகளைப் பழிப்பது இன்று எளிது. அவை செய்த நன்மையை மறத்தலும் எளிது.

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை தீவில் இல்லை. எதிர்க்கரையிலுள்ள செபராங் பிறைப் பெருநிலத்தில் உள்ளன. ஒருகாலத்தில் கரும்பும் பின்னர் ரப்பரும் விளைந்த மண் அது. தோட்டங்களை நம்பி வந்த தமிழர், பின்னாளில் இருப்புப் பாதையிலும், துறைமுகத்திலும், பிறைத் தொழிற்பேட்டையின் ஆலைகளிலும் வேலை கண்டனர். இரவு வேலை முடிந்து விடியற்காலையில் வீடு திரும்பும் ஓர் ஆலைத் தொழிலாளியின் மகளுக்கும், ஜார்ஜ் டவுனில் வாழும் மருத்துவரின் மகனுக்கும் தேர்வு நாளன்று ஒரே வினாத்தாளே கிடைத்தது. விடைத்தாளில் இருந்தது எண் மட்டுமே. திருத்துபவர் அப்பிள்ளையின் தெருவையும் தந்தையின் தொழிலையும் அறியார். செல்வாக்கையும் பிறப்பையும் ஒதுக்கித் தகுதியைக் காண்பதே தேர்வின் நோக்கம் என்பது பழைய கொள்கை. சீனத்தில் 1905ஆம் ஆண்டு நீக்கப்படும் வரை, நூற்றாண்டுகள் பலவாக நிலைத்த அரசுப்பணித் தேர்வும் அதனையே தன் பெருமையாகச் சொல்லிக்கொண்டது.

தமிழ்ப்பள்ளிக்கு இக்காப்பு இருமடங்கு தேவைப்பட்டது. ‘தமிழ்ப்பள்ளியில் சேர்த்தால் பிள்ளை முன்னேறாது’ என்று அஞ்சிய பெற்றோருக்கு விடையாகத் தலைமையாசிரியர்கள் எடுத்துக்காட்டியது தேர்வு முடிவுகளைத்தான். தம் பள்ளியைப் பற்றித் தாமே கூறும் புகழுரையினும், நாடு முழுமைக்கும் பொதுவான தாளில் பெற்ற தேர்ச்சிக்கு வலிமை மிகுதி. தேர்வு போனபோது அச்சான்றும் உடன் போயிற்று.

அளவுகோலின் குறை

எனினும் அத்தேர்வு எதனை அளந்தது என்று வினவுதல் வேண்டும். தமிழ்மொழிக் கலைத்திட்டம் கேட்டல் பேச்சு, வாசிப்பு, எழுத்து, செய்யுளும் மொழியணியும், இலக்கணம் என ஐந்து கூறுகளை உடையது. யூ.பி.எஸ்.ஆர். தேர்விலோ கருத்துணர்தல், எழுதுதல் என்னும் இரு தாள்களே இருந்தன. வாய்திறந்து ஒரு சொல் பேசாமலேயே தமிழில் உயர்ந்த தேர்ச்சி பெற ஒரு மாணவனால் இயன்றது. பேச்சுத் தமிழ் வீட்டிலேயே குன்றிவரும் நாட்டில் இது சிறு குறையன்று.

அளக்கப்படாதது வகுப்பறையிலும் தேய்ந்தது. ஆறாம் ஆண்டு பிறந்ததும் பாடநூல் பின்னே சென்றது. பயிற்றிகளும் மாதிரித் தேர்வுத்தாள்களும் முன்னே வந்தன. ‘நான் ஒரு மிதிவண்டி’, ‘நான் ஒரு பேனா’ முதலிய தன்கதைகளுக்கு அழகிய தொடக்கங்களும் முடிவுகளும் மனப்பாடமாயின. பிறையில் வாழும் சிறுவன் நாள்தோறும் காண்பன ஆற்றுப்பாலம், சரக்கு வண்டிகள், ஆலைப் பேருந்துக்குக் காத்திருக்கும் தாய்மார். அவனுடைய கட்டுரையிலோ இவற்றுள் ஒன்றும் இராது. யாரோ எழுதிய முன்னுரையில் கதிரவன் பொன்னிறக் கதிர்களை வீசி எழுவான். யாரோ கோத்த மரபுத்தொடர்கள் இடைக்கிடை வந்து நிற்கும். நன்னூலார் கண்ட கிளிக்குப் பரிசு கிடைத்தது.

தேர்வின் எண்ணும் மலைபோல் அசையாதது அன்று. 2015ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எல்லாப் பாடங்களிலும் ‘ஏ’ பெற்றோர் 38,000க்கு மேற்பட்டோர். உயர்நிலைச் சிந்தனை வினாக்கள் மிகுந்த புதிய வடிவம் வந்த 2016ஆம் ஆண்டில் அத்தொகை 5,000க்கும் கீழே இறங்கிற்று. ஓராண்டில் பிள்ளைகளின் அறிவு அத்துணை சரிந்துவிடவில்லை. மாறியது கோலே. மதிப்பெண் மாணவனைப் பற்றிச் சொல்வதோடு வினாத்தாளைப் பற்றியும் சொல்கின்றது என்னும் உண்மையை அவ்வாண்டு புலப்படுத்தியது.

2014ஆம் ஆண்டில் நேர்ந்தது இன்னும் வருந்தத்தக்கது. வினாத்தாள்கள் முன்கூட்டியே வெளிப்பட்டமையால் அறிவியல், ஆங்கிலத் தேர்வுகளை மாணவர்கள் செப்டம்பர் 30ஆம் நாள் மீண்டும் எழுத நேர்ந்தது. கணிதமும் தமிழும் அக்டோபர் 9ஆம் நாள் மீண்டும் நடத்தப்பட்டன. எல்லாவற்றையும் ஒரே நாளின்மேல் ஏற்றி வைக்கும் முறையில் அந்நாள் பழுதுபட்டால், பெரியோர் செய்த குற்றத்தின் சுமையைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளே சுமக்க வேண்டியதாகின்றது.

வகுப்பறை மதிப்பீட்டின் ஒளியும் நிழலும்

வகுப்பறை மதிப்பீடு ஆறு அடைவுநிலைகளை உடையது. அறிதல், புரிதல், செய்தல் என முதல் மூன்றும் அமைய, மேல்நிலைகள் பண்போடும் முன்மாதிரியாகவும் செய்தலைக் குறிக்கின்றன. கூச்சமுடைய சிறுமி மார்ச்சு மாதத்தில் ஒரு வாக்கியம் பேசியதையும், ஆகஸ்டில் வகுப்பின் முன்னின்று கதை சொன்னதையும் இம்முறையே பதிவுசெய்ய வல்லது. தமிழின் ஐந்து கூறுகளையும் ஒருங்கே காணும் வாய்ப்பும் இதற்கே உண்டு. கொள்கையளவில் மொழிப்பாடத்துக்கு இதனினும் பொருத்தமான அளவை இல்லை எனலாம்.

நடைமுறையில் நிழல் படர்கின்றது. பாடங்கள் பலவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர், ஒவ்வொரு கற்றல் தரத்துக்கும் ஒவ்வொரு மாணவனையும் தனித்தனியே நோக்கிப் பதிதல் பெருஞ்சுமை. சுமை மிகும்போது நோக்கல் குறைந்து நிரப்பல் மிகும். எவரையும் வருத்தாத நடுநிலையான மூன்றோ நான்கோ வகுப்பு முழுவதற்கும் இடப்படும். நடுவெண் இடுவதை நடுவுநிலைமை என்று கொள்ளுதல் தவறு. தாழ்ந்த நிலை பெற்ற மாணவனுக்கு விளக்கம் கேட்கப்படும். உயர்ந்த நிலை பெற்றவனுக்குக் கேட்கப்படாது. இந்நிலையில் கோல் ஒரு பக்கம் சாய்தல் இயல்பே.

இச்சாய்வின் விலையைச் செலுத்துபவன் மாணவனே. தமிழ் இடைநிலைப்பள்ளி இல்லாத இந்நாட்டில் தமிழ்ப்பள்ளி மாணவன் மலாய்மொழிவழி இடைநிலைப்பள்ளிக்குச் செல்கின்றான். மலாய்மொழியில் குறைந்த அளவுத் தேர்ச்சி பெறாதவன் புகுமுக வகுப்பில் ஓராண்டு பயின்றபின்னரே முதற்படிவம் புகுவான். முன்னர் இதனை முடிவுசெய்தது தேர்வுத்தாள். தேர்வு நீங்கியபின் பள்ளியின் மதிப்பீடே அடிப்படையாயிற்று. இரக்கத்தால் உயர்த்தி இடப்பட்ட ஒரு நிலை, அவனுக்கு வேண்டிய ஓராண்டு உதவியை இழக்கச்செய்து, புரியாத வகுப்பில் ஊமையாய் அமர்த்திவிடக் கூடும். அன்பால் செய்த பிழையும் பிழையே.

2022/2023 கல்வியாண்டில், நான்காம் ஆண்டு முதல் மூன்றாம் படிவம் வரை கல்வியாண்டிறுதித் தேர்வு கொண்டுவரப்பட்டது இக்குறையை உணர்ந்தமையாலே எனக் கருத இடமுண்டு. ஆயினும் அதனை நடத்தித் திருத்தியதும் பள்ளியே ஆதலால், அரங்கேற்ற அவையின் இடம் வெற்றிடமாகவே இருந்தது.

அளக்கப்படுவதே வாழ்கின்றது

எழுத்துத்தேர்வு பேச்சை அளக்காமைக்குக் காரணம் பொதுத்தேர்வு என்னும் முறைமையன்று என்பதற்கு அண்டை நாடே சான்று. சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி இறுதித்தேர்வில் தமிழுக்குரிய 200 மதிப்பெண்களில் வாய்மொழித் தேர்வுக்கு 50, கேட்டல் கருத்தறிதலுக்கு 20 ஒதுக்கப்பட்டன. மாணவன் காணொளி ஒன்றைக் கண்டு அதுபற்றி உரையாடுதல் வேண்டும். அதனால் அங்குள்ள ஆசிரியர்கள் பேச்சுக்கு வகுப்பில் நேரம் ஒதுக்கியே தீர வேண்டும். பொதுத்தேர்வுக்குக் காது உண்டு. அதனைத் திறப்பதும் மூடுவதும் வகுப்பவர் கையில் உள்ளது.

மலேசியாவின் எஸ்.பி.எம். வரலாறும் ஒரு பாடம் புகட்டுகின்றது. மாணவர் எடுக்கும் பாடங்களைப் பத்தாகக் கட்டுப்படுத்தும் முடிவு 2009ஆம் ஆண்டில் வந்தபோது, தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் பட்டியலிலிருந்து வழுவிவிடும் எனத் தமிழர் அமைப்புகள் குரல் எழுப்பின. அவ்வாண்டின் இறுதியில் மேலும் இரு பாடங்களுக்கு இடம் தரப்பட்டது. இடைநிலைப்பள்ளியில் தாய்மொழி வகுப்பு அமையக் குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் வேண்டுதல் தேவை எனக் கல்விச் சட்டம் கூறுகின்றது. அப்பதினைவரைத் திரட்டுவதற்கு ‘தேர்வில் எழுதலாம்’ என்னும் சொல்லே பெரும்பாலும் உதவுகின்றது. தேர்வில் இடமிழந்த பாடம் கால அட்டவணையிலும் இடமிழக்கும். ஆதலின் தேர்வு ஒழிக என்னும் முழக்கத்தைத் தமிழாசிரியர் ஆராயாது ஏற்றல் தகாது.

கோல் நேர்நிற்க

இருமுறைகளையும் சீர்தூக்குமிடத்து, தமிழ்மொழிக்கு வகுப்பறை மதிப்பீடு தலைமையாக அமைதல் நன்று என்பது பெறப்படும். ஆனால் பொதுத்தேர்வின் ஒரு பண்பை அது கடன் வாங்கியாக வேண்டும். மாணவன் பெயரறியாத ஒருவரும் அவன் படைப்பைக் காணுதல் வேண்டும் என்பதே அப்பண்பு.

இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. பருவத்துக்கு ஒருமுறை அருகருகே உள்ள மூன்று தமிழ்ப்பள்ளிகள் ஆறாம் ஆண்டு மாணவர் கட்டுரைகளைப் பெயர்மறைத்து மாற்றிக்கொள்ளலாம். பிறை, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் வட்டாரங்களில் இதற்குத் தொலைவு ஒரு தடையன்று. இரு ஆசிரியர் இட்ட நிலைகள் மாறுபட்டால் இருவரும் அமர்ந்து காரணம் பேசலாம். அப்பேச்சே ஆசிரியருக்குச் சிறந்த பயிற்சியாகும். மாணவன் பேச்சை ஆண்டுக்கு மூன்று முறை ஒலிப்பதிவு செய்து வைத்தால், பெற்றோர் எண்ணைப் பார்ப்பதற்கு மாறாகத் தம் பிள்ளையின் வளர்ச்சியைக் காதால் கேட்பர். பள்ளிகளுக்கிடையே ஒப்புநோக்கும் ஏற்பாட்டுக்கு விதிமுறைகளில் இடம் இல்லாமல் இல்லை. அதனை உயிரோடு நடத்தும் நேரமும் துணிவுமே வேண்டப்படுவன. பிற பதிவு வேலைகளைக் குறைத்து அந்நேரத்தை ஆசிரியருக்குத் தருதல் நிருவாகத்தின் கடன்.

ஆலைத் தொழிலாளியின் மகளுக்கு வேண்டுவன இரண்டு. அவள் தன் சொற்களில் தன் ஊரைச் சொல்லும்போது கேட்க ஓர் ஆசிரியர் வேண்டும்; அவள் சொன்னது நன்று என்றால் அதனை ஊரறியாதவரும் ஒப்பும் ஒரு சான்று வேண்டும். முன்னைய முறை இரண்டாவதைத் தந்து முதலாவதைப் பறித்தது. பின்னைய முறை முதலாவதைத் தந்து இரண்டாவதை மறந்தது. இரண்டையும் தருவதே நிறைகோல் ஏந்திய கையின் கடமையாகும்.