சுர்மாச் சிமிழிலிருந்து வந்த சொல்

'ஆல்கஹால்' என்னும் வேதியியற் சொல், திருக்குர்ஆனில் வரும் 'கவ்ல்' என்பதிலிருந்து பிறந்ததென நம் மேடைகளிலும் சிறுநூல்களிலும் கூறப்படுகிறது. சுவனத்துப் பானத்தில் கேடோ மயக்கமோ இல்லையெனக் கூறும் 37:47ஆம் வசனத்தில் அச்சொல் வருகிறது. ஒலியும் பொருளும் ஒருங்கே பொருந்துவதுபோல் தோன்றுவதால் கேட்போர் உவக்கின்றனர். நாம் இதனை ஏற்பதற்கில்லை.

எழுத்தை நோக்குவோம். 'கவ்ல்' கைன் எழுத்தில் தொடங்குவது. அரபுச் சொற்கள் ஐரோப்பிய மொழிகளில் புகுந்தபோது, கைன் பெரும்பாலும் 'கங்கை'யின் முதலொலிபோல் அதிர்ந்தே ஒலித்தது. மேற்கு எனப் பொருள்படும் 'அல்கர்ப்', போர்ச்சுகலின் தென்பகுதிக்கு 'அல்கார்வ்' என்ற பெயரானது இவ்வாறே. அவ்வளவு ஏன், 'கவ்ல்' பிறந்த அதே வேரிலிருந்து வந்த 'கூல்' என்னும் சொல்லே, பூதத்தின் தலை எனப்பட்ட விண்மீனின் பெயர்வழி அங்குச் சென்று 'அல்கோல்' ஆயிற்று. அதில் ஹகரம் இல்லை. 'ஆல்கஹால்' நடுவே நிற்கும் ஹகரம் எங்கிருந்து வந்தது? 'அல்குஹ்ல்' என்பதிலுள்ள 'ஹா'விலிருந்தே.

'குஹ்ல்' நாம் கண்ணிலிடும் சுர்மா. நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்துரைத்த 'இஸ்மித்' கல்லை அரைத்தெடுத்த பொடியும் அதுவே. ஐரோப்பியர் முதலில் அதனையும், பின்னர் எந்த நுண்பொடியையும் 'ஆல்கஹால்' என்றனர். 1543இல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்ட விகோவின் அறுவை மருத்துவ நூல் அச்சொல்லுக்குத் தரும் பொருள் மிக நுண்ணிய பொடி என்பதுதான், மதுவன்று. நுண்பொடி என்பது நுண்சாரம் என விரிந்தது. 16ஆம் நூற்றாண்டில் பராசெல்சஸ் 'மதுவின் ஆல்கஹால்' என்றார். பிற்காலத்தில் 'மதுவின்' என்ற அடை உதிர்ந்தது. ஸ்பானிய மொழியில் இச்சொல்வழி வந்த வினைக்குக் கண்ணுக்கு மையிடுதல் என்ற பொருள் இன்றும் உண்டு.

பெயர் அரபியாதலால் பொருளையும் அரபியரே கண்டனர் என்பாரும் உளர். வாலைவடிப்பில் கிந்தீ, ராஸீ போன்றோர் வல்லுநர் என்பதற்கு அவர்தம் நூல்களே போதும். இச்சொல்லின் துணை வேண்டுவதில்லை. மேடையிற் கேட்டதை நம்பிய வேதியியல் மாணவன் நாளை அகராதியைப் புரட்டினால், அவனது ஐயம் பேச்சாளரோடு நிற்காது. வசனத்தின் மீதும் படரும். நம் கவலை அதுவே.

இன்றைய அரபு நூல்களில் 'குஹூல்' எனக் காஃப் இட்டே எழுதுகின்றனர்; ஐரோப்பா சென்று புதுப்பொருளோடு திரும்பிய சொல் அது. அதனை மொழிபெயர்ப்பாளர் பிழை என்போர், 1543இன் நுண்பொடிக்கு என்ன விடை கூறுவர்?