"அதே அடிப்படையில்": ஒரு பாலிசியை வாசித்த கதை

சேரப்பணஞ்சேரி நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும்போது அந்த மெயில் வந்தது. எட்டு வாரம், வாரத்துக்கு ஒரு மணி நேரம், 1,500 ரூபாய் வீதம் ஒரு உளவியல் ஆலோசகரிடம் போயிருந்தேன். ராத்திரித் தூக்கம் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆபீஸ் குழுக் காப்பீடுதான் 5 லட்சத்துக்கு இருக்கிறதே என்று 12,000 ரூபாய் ரசீதுகளை அனுப்பியிருந்தேன். "வெளிநோயாளி சிகிச்சை, பாலிசியில் இல்லை" என்று ஒரே வரியில் பதில்.

கோபம் வந்தது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 21(4) எனக்குத் தெரியும். உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு உண்டோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தரவேண்டும் என்கிறது. 2018 ஆகஸ்டில் ஐஆர்டிஏஐ சுற்றறிக்கை விட்டது. அப்புறம் 2022 அக்டோபர் 31 என்று கெடுவும் வைத்தது. மனநோய்க்கு மட்டும் 50,000 ரூபாய் உச்சவரம்பு வைத்த பாலிசி ஒன்றை 2021-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆக, சண்டை போடலாம் என்று இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து பாலிசியை முழுசாக வாசித்தேன்.

அவர்கள் பக்கம் தப்பே இல்லை! காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தாலும் அந்த பாலிசி பைசா தராது. 24 மணி நேரம் படுக்கையில் இருந்தால்தான் க்ளைம். மனசுக்கும் அதேதான். சமத்துவம் காப்பாற்றப்பட்டுவிட்டது.

என் விமர்சனம் இந்த வாசகத்தின் மேல்தான். உடைந்த காலுக்குச் செலவு ஆஸ்பத்திரிக்குள்ளே ஆகிறது. மனச்சோர்வுக்கோ பெரும்பாலும் வெளியே, வாராவாரம், மாசக்கணக்கில். இரண்டையும் ஒரே படுக்கையால் அளந்தால் ஒருவருக்கு மட்டும்தான் கிடைக்கும். இதைச் சரிசெய்ய முடியாது என்றும் சொல்ல முடியாது. கண்புரை ஆபரேஷன், டயாலிசிஸ் இரண்டுக்கும் 24 மணி நேரம் தேவையில்லை என்று ஆனபோது "டே கேர்" பட்டியல் போட்டு விதியைத் தளர்த்தினார்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த பன்னிரண்டு கவுன்சலிங் அமர்வுகளை அதே மாதிரி ஒரு சிகிச்சையாகச் சேர்ப்பதில் என்ன கஷ்டம்?

வேடிக்கை என்னவென்றால், எங்கள் ஒரகடம் பக்கத்தில் லைனில் நிற்கிற தம்பிக்குக் காகிதத்தில் என்னைவிட நல்ல காப்பீடு. 21,000 வரை சம்பளம் என்றால் இஎஸ்ஐ. அவர் 0.75 சதவீதம், கம்பெனி 3.25 சதவீதம். வெளிநோயாளி சிகிச்சையும் மருந்தும் அதில் அடக்கம். சைக்கோசிஸ் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 80 சதவீதம் வரும். (ஷிப்ட் முடிந்து டாக்டரைப் பார்க்க அவருக்கு எப்போது நேரம் என்பது தனிக் கதை.) சம்பளம் கூடி 21,000-ஐத் தாண்டினால், நடப்பு ஆறு மாதப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் அவரும் என் வரிசைக்கு வந்துவிடுவார்.

குழு பாலிசி புதுப்பிக்கும்போது ஓபிடி சேர்க்கச் சொல்லி ஹெச்ஆருக்கு எழுதியிருக்கிறேன். கவுன்சலிங் அதில் உண்டா, வருடத்துக்கு எத்தனை அமர்வு, ஒன்றுக்கு எவ்வளவு என்று மூன்று கேள்வி மட்டும். கையில் காசில்லாதவர்கள் 14416-க்குக் கூப்பிடலாம். டெலிமானஸ், இலவசம், தமிழிலேயே பேசலாம். ஒன்பதாவது அமர்வுக்கு வெள்ளிக்கிழமை போகிறேன், சொந்தக் காசில்.