தேவகோபமும் தேவ அன்பும்: ஒரு பாடலடியைப் பற்றிய திறனாய்வு

கீத் கெட்டியும் ஸ்டூவர்ட் டவுனெண்டும் 2001இல் வெளியிட்ட ‘இன் கிரைஸ்ட் அலோன்’ என்னும் பாடலை, அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை 2013ஆம் ஆண்டுப் பாடற்புத்தகத்தில் சேர்க்கவில்லை. சிலுவையில் தேவகோபம் ஈடுபெற்றுத் தணிந்தது எனப் பொருள்படும் அடியை, தேவ அன்பு விளங்கிற்று என மாற்றப் பாவலர்கள் இசையவில்லை. ஆகவே தேர்வுக்குழுவில் 6 பேர் சார்பாகவும் 9 பேர் எதிராகவும் வாக்களித்து அதனை விலக்கினர்.

குழுவினரின் அச்சம் பொருளற்றதன்று. ஈடுசெய்தல் என்னும் கோட்பாட்டை வகுத்த அன்செல்ம், பாவத்தால் தேவனுக்கு மறுக்கப்பட்ட கனத்திற்கான ஈட்டையே பேசினார்; கோபத்திற்கான ஈட்டை அன்று. அவ்வடியைத் தனித்துப் பாடுவோர், சினந்த பிதாவை இரக்கமுள்ள குமாரன் சாந்தப்படுத்தினார் என்று எண்ணக்கூடும். ரோமர் 3:25இலோ கிறிஸ்துவைக் கிருபாதாரபலியாக ஏற்படுத்துபவர் பிதாவே. கோபத்திற்குரியவரும் பலியை அருளுபவரும் ஒருவரே.

எனினும் திருத்தமும் குறைவுடையதே. ரோமர் 1:18 இன்றி 3:25 விளங்காது. அநீதியின்மேல் சினங்கொள்ளாத அன்பு, ஒடுக்கப்பட்டோருக்கு நற்செய்தியாகாது.

ஆகவே அவ்வடி பொய்யன்று. எழுவாய் மறைந்த வாக்கியம். ஈடு அளித்தவர் யார் என்பதை அது சொல்லவில்லை. அன்பையும் கிருபாதாரபலியையும் ஒரே வசனத்தில் இணைக்கும் 1 யோவான் 4:10ஐ வாசித்தபின் அதனைப் பாடுவித்தல், நீக்குவதினும் நலம். அந்த எழுவாயைச் சபைக்கு உணர்த்துவது ஆராதனை நடத்துபவரின் கடமையாகும்.