வழக்கின் உள்வீட்டில் ஒரு கேமரா

நடுவயதுப் பெண் ஒருவர் கையில் சில தாள்களை வைத்துக்கொண்டு வாசிக்கிறார். அது வேறு யாரோ எழுதிக் கொடுத்த உரை அல்ல. 2010 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் சாட்சியாக அமர்ந்து அவரே சொன்ன சொற்கள். தன்னோடு வாழும் பெண்ணை ஏன் மணக்க விரும்புகிறார், மணக்க முடியாமல் போனபோது என்ன இழந்தார் என்று அன்று சொன்னதை, அன்று தட்டச்சில் பதிவான எழுத்தைப் பார்த்து மறுபடியும் சொல்கிறார். கிறிஸ் பெரி என்ற அந்தப் பெண்ணின் பெயரில்தான் அந்த வழக்கே அமெரிக்கச் சட்ட வரலாற்றில் நிற்கிறது.

பென் காட்னர், ரயன் வைட் இருவரும் இயக்கி 2014இல் வெளிவந்த ‘தி கேஸ் அகெய்ன்ஸ்ட் 8’ ஆவணப்படத்தில் என்னை மிகவும் பாதித்த இடம் இதுதான். இப்படி வாசிக்க வைத்ததற்குக் காரணம் உண்டு. நீதிபதி வான் வாக்கர் விசாரணையை மக்கள் பார்க்க வேண்டும் என்று விரும்பினார். விசாரணையின் மூன்றாம் நாள், ஜனவரி 13 அன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஒளிபரப்பைத் தடுத்தது. தங்கள் சாட்சிகள் துன்புறுத்தப்படுவார்கள் என்பது, தன்பாலினத் திருமணத் தடையை ஆதரித்த எதிர்த்தரப்பின் வாதம். நீதிபதியின் உபயோகத்துக்காக எடுக்கப்பட்ட பதிவுகளும் பல ஆண்டுகள் முத்திரையிடப்பட்டுக் கிடந்து, தனியே ஒரு வழக்குப் போராட்டம் நடந்த பிறகு 2022இல்தான் வெளியே வந்தன. படத்தின் இயக்குநர்களுக்கு நீதிமன்றத்துக்குள் இடமில்லை. ஆகவே அவர்கள் வீட்டுக்குள்ளும் வழக்கறிஞர் அலுவலகத்துக்குள்ளும் கேமராவைக் கொண்டுபோனார்கள். இந்தப் படத்தின் பலம் முழுவதும் அந்த இடத்திலிருந்து வருகிறது. குறைகளும் அங்கிருந்துதான் வருகின்றன.

வழக்கின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2008 மே மாதம் கலிபோர்னியா மாநில உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அனுமதித்தது. அடுத்த சில மாதங்களில் ஏறத்தாழ 18,000 ஜோடிகள் மணந்துகொண்டார்கள். அதே ஆண்டு நவம்பர் 4 அன்று, ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான திருமணம் மட்டுமே செல்லும் என்ற ஒற்றை வாக்கியத்தை மாநில அரசமைப்புச் சட்டத்தில் சேர்க்கச் சொல்லி ‘புரொபொசிஷன் 8’ என்ற முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்தது. 52 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். அதே நாளில், அதே வாக்குச் சீட்டில், அதே மாநிலம் பராக் ஒபாமாவுக்கு 61 விழுக்காடு வாக்களித்திருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரு கையால் வரலாற்றைத் திறந்துவிட்ட வாக்காளர்கள் மறு கையால் ஒரு கதவைச் சாத்தினார்கள்.

அதை எதிர்த்துக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனவர்கள் இரண்டு ஜோடிகள். பெர்க்லியில் நான்கு மகன்களை வளர்த்துக்கொண்டிருந்த கிறிஸ் பெரியும் சாண்டி ஸ்டியரும். பர்பாங்கில் வாழ்ந்த பால் கட்டாமியும் ஜெஃப் ஸாரில்லோவும். அவர்களுக்காக வாதாடியவர்கள் டெட் ஓல்சன், டேவிட் பாய்ஸ். 2000ஆம் ஆண்டு அதிபர் தேர்தல் வழக்கில் ஓல்சன் ஜார்ஜ் புஷ்ஷுக்காகவும், பாய்ஸ் அல் கோருக்காகவும் எதிரெதிரே நின்றவர்கள். குடியரசுக் கட்சிக்காரரான ஓல்சன் இந்த வழக்கை எடுத்தது அவருடைய பழைய நண்பர்களை அதிரவைத்தது. தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காகப் போராடியவர்களுக்கும் அவர்மேல் சந்தேகம் இருந்தது.

வழக்கு எப்படிக் கட்டப்படுகிறது என்பதைக் காட்டுவதில் இந்தப் படத்துக்கு ஈடான இன்னொன்றை நான் பார்த்ததில்லை. திரைப்படங்களில் வருவது போல ஒரே ஒரு வாதத்தில் நீதிமன்றம் உருகிவிடுவதில்லை. வெள்ளைப் பலகையில் குறிப்பெழுதுவது, சாட்சி எந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வார் என்று ஒத்திகை பார்ப்பது, பாதி வாக்கியத்தில் நிறுத்தித் திருத்துவது, மறுபடி தொடங்குவது என்று அலுப்பூட்டும் உழைப்பு அது. மனுதாரர்கள் வழக்கறிஞர்கள் அல்ல. வேலைக்குப் போகிற, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற சாதாரண மனிதர்கள். தங்கள் படுக்கையறையைப் பற்றி அந்நியர் ஒருவர் கேள்வி கேட்கப் போகிறார் என்று தெரிந்துகொண்டு அவர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது, உரிமை என்ற சொல்லுக்கு ஒரு குடும்பம் கொடுக்கும் விலை என்னவென்று தெரிகிறது. கிறிஸும் சாண்டியும் 2004இலேயே ஒருமுறை சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தில் மணந்துகொண்டவர்கள். சில மாதங்களில் அந்தத் திருமணம் செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மணந்தவர்களுக்கு மணம் இல்லை என்று கடிதத்தில் தெரிவிக்கப்பட்ட அந்த அவமானத்தை அவர்கள் வழக்கு முழுவதும் சுமந்தார்கள்.

படத்தின் இன்னொரு சிறப்பு, அது எதிர்த்தரப்பின் வாதம் தளர்ந்த விதத்தைப் பொறுமையாகப் பின்தொடர்வது. விசாரணைக்கு முந்தைய கட்டத்தில், தன்பாலினத் திருமணத்தால் மற்றவர்களின் திருமணத்துக்கு என்ன கேடு வரும் என்று வாக்கர் கேட்டபோது, எதிர்த்தரப்பின் தலைமை வழக்கறிஞர் சார்லஸ் கூப்பர் தனக்குத் தெரியவில்லை என்று சொல்ல நேர்ந்தது. மனுதாரர் தரப்பில் வரலாறு, உளவியல், பொருளியல் அறிஞர்கள் வரிசையாக வந்தார்கள். எதிர்த்தரப்பு கடைசியில் நிறுத்தியது இரண்டே சாட்சிகளை. அவர்களில் ஒருவரான டேவிட் பிளாங்கென்ஹார்ன், பாய்ஸின் குறுக்கு விசாரணையில், தன்பாலின ஜோடிகள் வளர்க்கும் பிள்ளைகளுக்குத் திருமணம் நன்மை செய்யும் என்று ஒப்புக்கொண்டார். 2012இல் தன் நிலைப்பாட்டையே மாற்றிக்கொண்டு வெளிப்படையாக எழுதினார். தேர்தல் விளம்பரத்தில் முப்பது விநாடிக்கு அச்சத்தை விதைப்பது எளிது. சத்தியப் பிரமாணம் செய்துவிட்டு மணிக்கணக்கில் கேள்விகளுக்கு முன் உட்கார்ந்தால் அந்த அச்சம் எதன்மேல் நிற்கிறது என்று காட்டியாக வேண்டும். இந்த வேறுபாட்டை உணர வைப்பது படத்தின் பெரிய சாதனை. 2010 ஆகஸ்ட் 4 அன்று வாக்கர் தந்த தீர்ப்பில் 80 உண்மைக் கண்டறிதல்கள் எண்ணிட்டு எழுதப்பட்டிருந்தன என்றால், அவற்றுக்கு அடித்தளம் இந்த விசாரணைதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் மனத்தாங்கலைச் சொல்ல வேண்டும்.

படத்தின் முடிவு 2013 ஜூன். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வருகிறது, ஒபாமா தொலைபேசியில் வாழ்த்துகிறார், இரண்டு நாளில் தடை விலகுகிறது. மாநிலத் தலைமை வழக்கறிஞராக இருந்த கமலா ஹாரிஸ் சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தில் கிறிஸையும் சாண்டியையும் மணம் செய்துவைக்கிறார். உரிமம் தரத் தயங்கிய லாஸ் ஏஞ்சலஸ் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் உடனே தொடங்கச் சொல்கிறார். அழாமல் பார்ப்பது கடினம். ஆனால் அன்று உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? தன்பாலினத்தவர் மணந்துகொள்வது அடிப்படை உரிமை என்று சொல்லவில்லை. ஆளுநரும் மாநில அரசும் புரொபொசிஷன் 8க்காக வாதாட மறுத்துவிட்டதால், அதை முன்மொழிந்தவர்களே மேல்முறையீட்டுக்கு வந்தார்கள். அப்படி வருவதற்கு அவர்களுக்குத் தகுதி இல்லை என்று மட்டும் சொல்லி, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிமன்றம் விலகிக்கொண்டது. வாக்கரின் தீர்ப்பு நிலைத்தது. கலிபோர்னியாவில் திருமணங்கள் தொடங்கின. அந்தத் தீர்ப்பால் மாநில எல்லைக்கு அப்பால் எதுவும் மாறவில்லை. நாடு தழுவிய உரிமை 2015 ஜூன் 26 அன்று ஒபர்கஃபெல் வழக்கில்தான் வந்தது. படம் தீர்ப்பின் அடிப்படையை மறைக்கவில்லை, சொல்கிறது. ஆனால் இசையும் முத்தமும் கண்ணீரும் சேர்ந்து எழுப்பும் வெற்றி முழக்கத்தில் அந்தச் சொல் காதில் தங்குவதில்லை. பார்த்து முடித்தவர் ஒரு தேசமே விடுதலை பெற்றுவிட்டது என்று எண்ணிக்கொண்டு எழுந்து போவார். இயக்கத்தின் உள்ளிருந்து படமெடுப்பவர் கொடுக்க வேண்டிய முதல் விலை இது: இயக்கம் எங்கே கொண்டாடுகிறதோ அங்கே படமும் முடிந்தாக வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, வெளியே விடப்பட்டவர்கள். இந்த வழக்குத் தொடுக்கப்பட்டபோது உரிமை அமைப்புகள் பலவும் எதிர்த்தன. காலம் கனியவில்லை, உச்ச நீதிமன்றத்தில் தோற்றால் ஒரு தலைமுறை பின்னுக்குப் போய்விடும் என்பது அவர்கள் கவலை. அந்தக் கவலை கோழைத்தனம் அல்ல. 1983இல் மாணவராக இருந்தபோதே திருமண உரிமையைப் பற்றி ஆய்வேடு எழுதிய இவான் வுல்ஃப்சன், 2003இல் மாசசூசெட்ஸில் வழக்காடி வென்று நாட்டின் முதல் சட்டபூர்வத் தன்பாலினத் திருமணங்களுக்கு வழி திறந்த மேரி பொனாட்டோ போன்றவர்கள், மாநிலம் மாநிலமாக, தோற்றும் வென்றும் சேர்த்த அறிவு அதன் பின்னால் இருந்தது. ஒபர்கஃபெல் வழக்கிலும் திருமண உரிமைக்காக உச்ச நீதிமன்றத்தில் எழுந்து நின்றவர் பொனாட்டோதான். படத்தில் இந்தக் கருத்து வேறுபாடு போகிற போக்கில் வருகிறது. புகழ்பெற்ற இரண்டு வழக்கறிஞர்கள் நட்பாகிற கதை திரையை நிறைத்துக்கொள்ள, முப்பதாண்டு நடந்த பாதை கதைக்கு முந்தைய இருட்டாகிவிடுகிறது.

மூன்றாவது குறையைச் சொல்லும்போது எனக்குத் தயக்கம் இருக்கிறது. மனுதாரர்களை எப்படித் தேடினார்கள் என்பதைப் படம் நேர்மையாகவே காட்டுகிறது. நிலையான வேலை, நீண்ட கால உறவு, குறை சொல்ல இடமில்லாத கடந்த காலம், கேமரா முன் தடுமாறாத பேச்சு. வழக்கின் தந்திரமாக இது சரி; எதிர்த்தரப்பு எதையும் தோண்டி எடுக்கும். ஆனால் ஒரு படம் அந்தத் தேர்வை அப்படியே வாங்கிக்கொள்ளும்போது, இவர்கள் நல்லவர்கள், ஆகவே இவர்களுக்கு உரிமை வேண்டும் என்ற செய்தி நம்மை அறியாமலே உள்ளே இறங்கிவிடுகிறது. உரிமை நன்னடத்தைச் சான்றிதழுக்குக் கிடைக்கும் பரிசு அல்ல. வேலையில்லாதவருக்கும், பிரிந்து சேர்ந்தவருக்கும், அயல்நாட்டிலிருந்து வந்து விசா இல்லாமல் நிற்பவருக்கும் அது உண்டு.

அப்படி நின்றவர்களின் கதை அதே 2014இல் ‘லிமிடெட் பார்ட்னர்ஷிப்’ என்ற படமாக வந்தது. தாமஸ் மில்லர் இயக்கியது. பிலிப்பைன்ஸ் வழி அமெரிக்கரான ரிச்சர்ட் ஆடம்ஸும் ஆஸ்திரேலியரான டோனி சல்லிவனும் 1975இல் கொலராடோவின் போல்டர் நகரில், துணிச்சலான ஒரு பெண் அதிகாரி கொடுத்த உரிமத்தைப் பெற்று மணந்துகொண்டார்கள். ரிச்சர்ட் தன் கணவர் டோனிக்குத் தங்கும் அனுமதி கேட்டபோது, குடியேற்றத் துறை அரசு முத்திரையுள்ள தாளில், தன்பாலீர்ப்பாளரை இழிவாகக் குறிக்கும் வசைச்சொல்லையே எழுதி மறுத்தது. வழக்குப் போட்டுத் தோற்றார்கள். நாடு கடத்தலை எதிர்த்து மறுபடி போட்டு 1985இல் மறுபடி தோற்றார்கள். அந்த இரண்டாம் தீர்ப்பை எழுதிய மேல்முறையீட்டு நீதிபதி ஆந்தனி கென்னடி. முப்பதாண்டு கழித்து ஒபர்கஃபெல் தீர்ப்பை எழுதியதும் அதே கென்னடிதான். ரிச்சர்ட் 2012இல் இறந்துபோனார். டோனிக்குப் பச்சை அட்டை 2016இல் கிடைத்தது. இந்தப் படத்தில் கொண்டாட்டம் குறைவு, பெரிய வழக்கறிஞர்கள் இல்லை, தொழில்நுட்ப மெருகு இல்லை. ஆனால் ஒரு மனித ஆயுள் சட்டத்தின் வாசலில் எப்படித் தேய்கிறது என்பதை இதைப் பார்த்துத்தான் நான் முழுதாக உணர்ந்தேன். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு முதல் படத்தில் என்ன இல்லை என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

தன்பாலினத் திருமணத்தை எதிர்த்து வாக்களித்த 70 லட்சம் பேரைப் பற்றியும் ஒரு சொல். படத்தில் அவர்கள் விளம்பரங்களாகவும் சாலையோரக் கூச்சலாகவும் வருகிறார்கள். அவர்களில் ஒரு தாயையோ, தேவாலயத்துக்குப் போகும் ஒரு முதியவரையோ நம்மால் சந்திக்க முடிவதில்லை. பிளாங்கென்ஹார்ன் மனம் மாறியது எவ்வளவு முக்கியமோ, மாறாதவர்கள் ஏன் மாறவில்லை என்பதும் அவ்வளவு முக்கியம். கேமரா ஒரு தரப்பின் வீட்டுக்குள் இருக்கும்போது எதிர்த்தரப்பின் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. இதை இயக்குநர்களின் தவறு என்று சொல்லமாட்டேன். அவர்கள் வாங்கிய அனுமதியின் எல்லை அது.

நீதிமன்றத்தைப் பார்க்க முடியாமல் போனதை நினைக்கும்போது நம் நாட்டு நிகழ்வு ஒன்று கூடவே நினைவுக்கு வருகிறது. 2023 ஏப்ரல், மே மாதங்களில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தன்பாலினத் திருமண வழக்கை விசாரித்தபோது அது நேரலையாக ஒளிபரப்பானது. வீட்டிலிருந்தே கேட்க முடிந்தது. அக்டோபர் 17 அன்று தீர்ப்பு எதிராக வந்தது. திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்றார்கள். ஆனால் எந்த வாதம் எங்கே நின்றது, எது விழுந்தது என்று அறிய நமக்கு யாருடைய படமும் தேவைப்படவில்லை. அமெரிக்கர்கள் வென்ற விசாரணையைப் பன்னிரண்டு ஆண்டு பார்க்க முடியாமல் இருந்தார்கள். அந்த வெற்றிடத்தை ஓரளவு நிரப்பியது கிறிஸ் பெரி கையிலிருந்த அந்தத் தாள்கள். அதற்காகவே ‘தி கேஸ் அகெய்ன்ஸ்ட் 8’ பாதுகாக்கப்பட வேண்டிய படம் என்பேன். வழக்கின் வரலாறாக அல்ல, வழக்கை வாழ்ந்த நால்வரின் சாட்சியமாக.

படம் காட்டாத, காட்டியிருக்கவும் முடியாத ஒன்று மிச்சம் இருக்கிறது. தீர்ப்பு அந்தத் தடையைச் செயலற்றதாக்கியதே தவிர, வாக்கியத்தை அழிக்கவில்லை. அது கலிபோர்னிய அரசமைப்புச் சட்டத்தில் எழுத்தாக அப்படியே இருந்தது. 2024 நவம்பர் 5 அன்று அதே மாநிலத்து வாக்காளர்கள் மறுபடியும் வாக்குச் சீட்டை எடுத்தார்கள். 62 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் அந்த வாக்கியத்தை நீக்கச் சொன்னார்கள், நீக்கப்பட்டது.