விண்வெளிக்குப் போக ஒரு கடை திறக்க வேண்டும்

நெட்ஃபிளிக்ஸில் 2021இல் வந்த ‘கவுண்ட்டவுன்: இன்ஸ்பிரேஷன்4 மிஷன் டு ஸ்பேஸ்’ ஐந்து பகுதிகள் கொண்ட ஆவணத் தொடர். முதல் நான்கு பகுதிகள் ராக்கெட் கிளம்புவதற்கு முன்பே வெளியாகிவிட்டன. நான்கு பேரும் உயிரோடு திரும்புவார்களா என்பது இயக்குநர் ஜேசன் ஹேஹிருக்கே அப்போது தெரியாது. ஓர் ஆவணப்படத்துக்கு இதைவிடப் பெரிய பதற்றம் கிடைக்காது. ஆனால் தொடர் அந்தப் பதற்றத்தைப் பின்னணி இசையிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

கதை இதுதான். பணப் பரிவர்த்தனை கம்பெனி நடத்தும் கோடீஸ்வரர் ஜாரெட் ஐசக்மன், ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் விண்கலத்தில் நான்கு இருக்கைகளையும் மொத்தமாக வாங்குகிறார். விலையை இருவருமே சொல்லவில்லை. தலைமை, நம்பிக்கை, தாராளம், வளம் என்று இருக்கைகளுக்குப் பெயர். தலைமை அவருக்கே. நம்பிக்கை, ஹேலி ஆர்செனோவுக்கு. செயின்ட் ஜூட் மருத்துவமனையில் எலும்புப் புற்றுநோயிலிருந்து மீண்டு அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர். தாராளம், அந்த மருத்துவமனைக்கு நிதி திரட்டிய குலுக்கல். ஜெயித்தவர் தன் இடத்தை நண்பர் கிறிஸ் செம்ப்ராஸ்கிக்குக் கொடுத்துவிட்டார். வளம்தான் சுவாரசியம். ஐசக்மன் கம்பெனியின் மென்பொருளில் இணையக் கடை திறந்தவர்களுக்கான போட்டி அது. ஜெயித்தவர் நிலவியல் பேராசிரியரும் கவிஞருமான சியான் பிராக்டர்.

ஒரு கவிஞர் விண்வெளிக்குப் போக முதலில் கடை திறக்க வேண்டியிருக்கிறது! எந்த நாவலாசிரியரும் இதை விட்டிருக்க மாட்டார். தொடரோ இதை ஒரு ‘கனவு நனவான தருணம்’ ஆக்கிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறது.

ஆனால் இங்கே சும்மா கிண்டலடித்துவிட்டு நகர முடியாது. பிராக்டர் 2009இல் நாசாவின் விண்வெளி வீரர் தேர்வில் இறுதிச் சுற்றுவரை போய்த் திரும்பியவர். ஆர்செனோவின் காலில் செயற்கை எலும்பு இருக்கிறது. நாசாவின் உடல் தகுதி விதிகளுக்குள் அவர் என்றைக்கும் வந்திருக்க முடியாது. பொதுப் பணத்தில் நடக்கும் அரசு நிறுவனம் மூடிய கதவை ஒரு பணக்காரரின் விருப்பம் திறந்திருக்கிறது. இது நமக்குச் சங்கடமான உண்மை. கதவு திறந்ததில் சந்தோஷம்தான். சாவி யார் பாக்கெட்டில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. தொடர் முதலாவதைக் கொண்டாடுகிறது, இரண்டாவதைக் கேட்பதே இல்லை.

‘இவர்கள் வெறும் சுற்றுலாப் பயணிகள்’ என்ற விமர்சனமும் எனக்கு உவப்பில்லை. டிராகன் தானாகவே பறக்கும், சரி. பிராக்டரின் பதவிப் பெயர் ‘பைலட்’ என்றாலும் அவர் ஓட்டவில்லை, அதுவும் சரி. ஆனால் மென்பொருள் வேலையில் ‘ஆன்கால்’ இருந்தவர்களுக்குத் தெரியும்: எல்லாம் ஒழுங்காக ஓடும் இரவில் நமக்கு வேலையே இல்லை, ஓடாத ஓர் இரவுக்காகத்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம். அந்த ஓர் இரவுக்காக நால்வரும் சுமார் ஆறு மாதம் பயிற்சி எடுத்தார்கள். 585 கிலோமீட்டர் உயரம் என்பது சர்வதேச விண்வெளி நிலையத்தையும் தாண்டிய தூரம். உயிர் பணயம் நிஜமானது. பயம் எப்போதெல்லாம் முகத்தில் தெரிகிறதோ அப்போதெல்லாம் தொடர் வேறொரு உத்வேக வசனத்துக்கு வெட்டுவதுதான் என் பிரச்சினை.

ஒப்பிட ஒரு காட்சி. 2021 அக்டோபரில், 90 வயதில், நடிகர் வில்லியம் ஷாட்னர் ப்ளூ ஆரிஜினில் சுமார் பத்து நிமிடம் பறந்து திரும்பினார். இறங்கியதும் தான் பார்த்த கருப்பைப் பற்றி, மரணத்தைப் பற்றி ஜெஃப் பெசோஸிடம் தடுமாறிச் சொல்லிக்கொண்டிருந்தார். பெசோஸோ நடுவில் திரும்பி ஷாம்பெயின் பாட்டிலைக் கேட்டு வாங்கினார். விளம்பரத்துக்குள் அகப்பட்டிருந்தும் ஒரு சாட்சியம் நழுவி வெளியே வந்துவிட்டது. அடுத்த ஆண்டு வந்த புத்தகத்தில், தான் உணர்ந்தது துக்கம் என்றே எழுதினார். யாரும் அவரிடம் அதை எதிர்பார்க்கவில்லை.

‘கவுண்ட்டவுன்’ தொடரில் இல்லாதது அந்த நழுவல்தான். அதன் மனிதர்கள் எல்லோரும் தங்கள் இருக்கையின் பெயருக்கு விசுவாசமாக இருக்கிறார்கள். நம்பிக்கை நம்பிக்கையாகவே பேசுகிறது. வளம் வளமாகவே சிரிக்கிறது.

ஐசக்மன் இன்று நாசாவின் தலைவர். இனி யார் மேலே போவது என்பதில் அவர் சொல்லுக்கு எடை இருக்கும். ஆகவே இந்தத் தொடரைப் பாருங்கள். ராக்கெட்டுக்காக மட்டுமில்லை, இருக்கைகள் எப்படிப் பங்கு பிரிக்கப்பட்டன என்பதற்காகவும்.