காப்பித்தூளும் பால்மாவும்

சென்னையில் ஒரு மாதச் சம்பளக்காரர் வீட்டில் செலவைக் குறைக்க உட்கார்ந்தால் வெளிச்சாப்பாடு அடிபடும், புதுத்துணி தள்ளிப்போகும், பத்திரிகைச் சந்தாகூட நின்றுபோகும். காப்பித்தூளில் மட்டும் கைவைக்க மாட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் அதே கணக்கைப் போட்டால் பேனா தயங்கி நிற்பது பால்மாவில். இரண்டும் வயிறு நிரப்புகிற சாமான்கள் இல்லை. இரண்டுக்கும் மலிவான மாற்று உண்டு. அந்த மாற்றைக் குடிக்க நேர்ந்தால் வீட்டுக்கு ஏதோ குறை வந்துவிட்டதாகவே இரு கரையிலும் நினைக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்தச் செலவின் தலைமையிடம் காப்பித்தூள் கடை. மயிலாப்பூர், தி. நகர், கும்பகோணம், மதுரை என்று எங்கே போனாலும் அந்தக் கடையைக் கண்ணுக்கு முன்னால் மூக்கு கண்டுபிடித்துவிடும். வறுத்த கொட்டையை வாடிக்கையாளர் முன்பாகவே அரைக்க வேண்டும். பீபெரி எவ்வளவு, பிளாண்டேஷன் ஏ எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று வீட்டுக்கு வீடு ஒரு கணக்கு. எண்பதுக்கு இருபது என்பார் ஒருவர். சிக்கரியே கூடாது என்பார் பக்கத்தில் நிற்பவர். சட்டம் அவ்வளவு கறார் இல்லை. காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பதுதான் இந்திய உணவுத் தர விதி. அந்த 51-ஐ வீட்டுக்குள் விடாமல் இருப்பதே பலருக்குக் கௌரவம்.

மொத்தமாக வாங்கி வைப்பதும் கிடையாது. தூள் மணம் போய்விடும் என்று கால் கிலோ, கால் கிலோவாக வாங்குவார்கள். வீட்டில் அதற்கென்று ஒரு சடங்கு. ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் தூளைப் போட்டு, குடையால் லேசாக அழுத்தி, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும். முதல் டிகாக்‌ஷன் குடும்பத்தின் மூத்தவருக்கும் விருந்தாளிக்கும். இரண்டாவது யாருக்கு என்று கேட்டால், சமையலறையில் நிற்பவர் பதில் சொல்ல மாட்டார். அவர் டம்ளரைப் பார்த்தால் தெரியும்.

பால் அடுத்த பிடிவாதம். ஆவின் பாக்கெட்டில் ஆரஞ்சு நிறம் என்றால் ஆறு விழுக்காடு கொழுப்பு. நீலம் என்றால் மூன்று. கள்ளிச்சொட்டு மாதிரிக் காப்பி வேண்டும் என்பவர் நீலத்தின் பக்கம் திரும்ப மாட்டார். 2022 நவம்பரில், மாத அட்டை இல்லாதவர்களுக்கு ஆரஞ்சுப் பாக்கெட் லிட்டர் 48 ரூபாயிலிருந்து 60 ரூபாய்க்கு ஏறியது. முணுமுணுப்பு பலமாகவே கேட்டது. காலைக் காப்பி நிற்கவில்லை.

கடலைத் தாண்டினால் கணக்கு தலைகீழ். இலங்கையில் தேயிலை ஒரு செலவே இல்லை. அது எந்த வீட்டிலும் இருக்கும், தோட்டத்து லயத்திலும் இருக்கும். வெறுந்தேத்தண்ணிக்கு யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அதில் விழுகிற பால்மாவும் சீனியும்தான் காசு. வந்தவரை உட்கார வைத்து, "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று யாழ்ப்பாணத்தில் கேட்டால் பால்தேத்தண்ணி வரப்போகிறது என்று அர்த்தம். வெறுந்தேத்தண்ணியாக வந்தால் கூடவே ஒரு சமாதானமும் வரும்: "பால்மா முடிஞ்சு போச்சு, குறை நினைக்காதேங்கோ."

கடையில் அது தயாராகும் விதமே வேறு. தமிழ்நாட்டு டீக்கடையில் பால் நாள் முழுக்க அடுப்பில் கிடந்து காயும். கொழும்பிலோ மட்டக்களப்பிலோ அப்படி ஒரு பால் பாத்திரம் இல்லாமலே கடை நடக்கும். குவளையில் பால்மாவும் சீனியும் கரண்டிக் கணக்கில் விழும். துணி வடியில் இறங்கிய கடுஞ்சாயம் அதன்மேல் பாயும். கட்டி கரையும்வரை கலக்கி, இரண்டு குவளைக்கு நடுவே நுரை பொங்க ஆற்றிக் கொடுப்பார்கள். நாட்டுப் பால் உற்பத்தி தேவையில் பாதியைக்கூட எட்டாததால், அந்த மாவில் பெரும்பகுதி நியூசிலாந்திலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் டாலர் கொடுத்து வாங்கியது. உலகம் தேடிவரும் தேயிலையை விளைவிக்கிற நாட்டில், ஒரு கோப்பைத் தேநீரின் விலையை எங்கோ மேய்கிற பசு தீர்மானிக்கிறது.

2022 மார்ச்சில் அது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. டாலர் கையிருப்பு வற்றி, 400 கிராம் பால்மாப் பாக்கெட் 790 ரூபாய்க்குப் போனது. கிராமுக்கு ஏறக்குறைய இரண்டு ரூபாய். ஒரு கோப்பைக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் போட்டாலே பாலுக்கு மட்டும் இருபது ரூபாய்க்கு மேல். அதோடு சீனி, எரிவாயு. உணவக உரிமையாளர் சங்கம் பால்தேத்தண்ணி இனி 100 ரூபாய் என்றது. பல கடைகள் அதை விற்பதையே நிறுத்தி, பிளேன்டீ மட்டும் என்று சொல்லிவிட்டன. வீடுகளில் குவித்துப் போட்ட கரண்டியை மட்டமாக வழித்துப் போட்டார்கள். பாக்கெட் வந்த நாளில் கடை வாசலில் வரிசை நின்றது. பெட்ரோலுக்கும் எரிவாயுவுக்கும் நின்ற அதே மக்கள், பிள்ளைகளின் பாலுக்கும் தங்கள் தேத்தண்ணிக்குமாக இந்த வரிசையிலும் நின்றார்கள்.

யாழ்ப்பாணத்தாருக்கு இந்தப் பாடம் புதிதல்ல. தொண்ணூறுகளின் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது சீனி எட்டாத விலைக்குப் போனபோது, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்த தலைமுறை அங்கே இன்னும் இருக்கிறது. அன்று இல்லாமையால் வந்த பழக்கம். இன்று நல்ல பனங்கட்டி சீனியைவிட விலை அதிகம். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துக் கருப்பட்டிக் காப்பிக்கும் இதே கதைதான். ஒரு காலத்தில் சீனி வாங்க முடியாத வீட்டின் பானம். இப்போது நெடுஞ்சாலையில் காரை நிறுத்தி, கூடுதலாகக் காசு கொடுத்துக் குடிக்கிறார்கள்.

சரித்திரத்தைப் பார்த்தால் காப்பி தமிழ்நாட்டுக்கு முன்பே இலங்கைக்குப் பெரிய தொழில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகின் முக்கியமான காப்பி ஏற்றுமதி நாடுகளில் அதுவும் ஒன்று. திருச்சி, மதுரை, சேலம் பக்கத்திலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன மக்கள், மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டு வழியே நடந்து முதலில் போனது காப்பித் தோட்டங்களுக்குத்தான். 1869-இல் இலைத்துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் தோட்டங்கள் அழிந்தன. நோய்க்கு இரண்டு ஆண்டு முன்னதாக, 1867-இல், லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் நட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்று யாழ்ப்பாணத்து வீட்டில் கோப்பி என்றால் பெரும்பாலும் மல்லியும் இஞ்சியும் மணக்கும் தடிமன் மருந்து.

தமிழ்நாட்டிலோ காப்பி ஆடம்பரமாகவே நுழைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பழைய சோற்றை விரட்டுகிறது, குடும்பத்தைக் கெடுக்கிறது என்று எழுந்த புலம்பல்களை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் சுவையாகத் தொகுத்துக் காட்டியிருக்கிறார். நடுத்தர வர்க்கம் காப்பியைத் தன் அடையாளமாக்கிக்கொள்ள, டீ உழைப்பாளியின் பானமாயிற்று. அந்தப் படிநிலை இன்றும் விலைப்பட்டியலில் தொங்குகிறது. 2025 செப்டம்பரில் சென்னை டீக்கடைகளில் விலை ஏறியபோது டீ 15 ரூபாய், காப்பி 20.

இந்தச் சின்னச் சுகத்தை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து அனுபவித்ததாக எண்ணிவிடக் கூடாது. சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் 'பிராமணாள்' பெயர்ப்பலகைக்கு எதிராக 1957-இல் பெரியார் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. கிராமத்து டீக்கடைகளில் தலித்துகளுக்குத் தனி டம்ளர் வைக்கும் இரட்டை டம்ளர் முறை அதற்குப் பல பத்தாண்டுகள் பின்னும் நீடித்தது. யாழ்ப்பாணமும் யோக்கியமாக இல்லை. ஒடுக்கப்பட்டவர்களுக்குக் கடைக்கு வெளியே தனிப் பாத்திரத்தில் தேத்தண்ணி கொடுத்த ஊர் அது. தேநீர்க்கடைப் பிரவேசம் என்ற பெயரிலேயே ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அங்கே போராட்டங்கள் நடந்தன. காசு கையில் இருந்தும் கோப்பை கிடைக்காத மனிதர்களின் அந்த வரலாறு, காப்பி மணத்தைக் கொண்டாடும் கட்டுரைகளில் வழக்கமாக விடுபட்டுப் போகிறது.

விளைவிக்கிறவர்கள் குடிப்பது எது என்பதில் மட்டும் இரு நாடும் ஒற்றுமை. இலங்கை தன் தேயிலையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஏற்றுமதி செய்கிறது. இந்தியா தன் காப்பியில் பெரும்பகுதியை வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. மலையகத்தில் கொழுந்து பறிப்பவரின் அடுப்பில் கொதிப்பது பெரும்பாலும் டஸ்ட் என்னும் தேயிலைத் தூள். 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டு வந்த அதே மக்களில் பலருக்கு, நீலகிரியிலும் வால்பாறையிலும் தமிழ்நாடு அரசின் டான்டீ தோட்டங்களில் மறுபடி கொழுந்துதான் வேலையாக வாய்த்தது. காப்பிக் கொட்டைக்கு அனுப்பிய ஊருக்கு அவர்கள் வாரிசுகள் தேயிலைக் கூடையோடு திரும்பியிருந்தார்கள்.

இப்போது இரண்டு கரைக்கும் நடுவே பைகள் போய்வருகின்றன. 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலிலும், சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்குப் போகும் விமானத்திலும் இலங்கைத் தேயிலைப் பாக்கெட் நம்பகமான அன்பளிப்பு. வாங்கிய சென்னைக்காரர் அந்த உயர்ரக இலையைப் பாலோடு சேர்த்து, இஞ்சி தட்டிப் போட்டு, பத்து நிமிடம் கொதிக்க விடுகிறார். கொதித்து இறங்கியதும், "இலங்கைத் தேயிலை என்கிறார்கள், திக்காகவே இல்லையே" என்கிறார். பதிலுக்குப் போன அரைக் கிலோ காப்பித்தூளின் கதியும் மோசமில்லை என்று சொல்ல முடியாது. ஃபில்டர் இல்லாத வீட்டில் அதைப் பால்மாவோடு கோப்பையில் போட்டு, சுடுதண்ணீர் ஊற்றிக் கலக்கி, அடியில் தங்கிய மண்டியைப் பார்த்து, "என்ன, கரையுதே இல்லை" என்று கடைக்காரரைத் திட்டுகிறார்கள்.