வெங்காயப் பஞ்சமும் நாளிதழ்க் கணக்கும்

வெங்காய விலை ஏறும்போது நம் நாளிதழ்களில் வரும் செய்திக்கு ஏறத்தாழ மாறாத ஓர் அமைப்பு உண்டு. மொத்த விற்பனைச் சந்தையில் மூட்டைகள் அடுக்கியிருக்கும் படம் ஒன்று. இனி வெங்காயம் இல்லாத சாம்பார்தான் என்று கடை வாசலில் நிற்கும் இல்லத்தரசி சொன்னதாக ஒரு வரி. பதுக்கல்காரர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும் என்று ஓர் அறிவிப்பு. கடைசியில், வெளிநாட்டு வெங்காயம் வந்துகொண்டிருக்கிறது என்ற ஆறுதல். 1998, 2010, 2013, 2019 என்று விலை ஏறிய ஆண்டுகளிலெல்லாம் இத்தகைய செய்திகளை நாடு படித்தது.

ஒரு நூலை மதிப்புரைக்கு எடுத்துக்கொள்வது போல, இச்செய்தி வகையை எடுத்துக்கொண்டு அதில் என்ன இருக்கிறது, என்ன விடுபடுகிறது என்று பார்ப்போம். இது வீண் வேலையன்று. செய்தியைப் படித்து மக்கள் அஞ்சுகிறார்கள். மக்களின் அச்சத்தைக் கண்டு அரசுகள் ஆணையிடுகின்றன. 1998 நவம்பரில் டெல்லி சட்டமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றதற்கு வெங்காய விலையும் ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. அப்படிப்பட்ட வலிமையுள்ள ஒரு செய்தி, கணக்கில் சரியாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

முதலில் விடுபடுவது மாதம்.

நாம் பெல்லாரி என்றழைக்கும் பெரிய வெங்காயம் ஆண்டு முழுவதும் கடையில் கிடைப்பதால், ஆண்டு முழுவதும் விளைகிறது என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் நாட்டின் விளைச்சலில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு ராபி பருவத்தைச் சேர்ந்தது. டிசம்பர், ஜனவரியில் நாற்று நட்டு, மார்ச் முதல் மே வரை அறுவடை செய்வது. இதுவே சேமித்து வைக்கத் தாங்கும். மழைக்காலத்தில் வளரும் காரீப் வெங்காயம் அக்டோபர் முதல் வரத் தொடங்கும். அதில் ஈரம் மிகுதி, நெடுநாள் வைக்க முடியாது. ஆகவே ஜூன் முதல் அக்டோபர் வரை நீங்கள் உரிக்கும் வெங்காயம் பெரும்பாலும் கோடையில் அறுத்துக் கொட்டகையில் வைத்த சரக்கு. அது தீரும் தறுவாயில் காரீப் வெங்காயம் வந்து சேரவேண்டும். இந்த இணைப்பில் ஐந்தாறு வாரம் பிசகினால் போதும்.

2019-இல் நடந்தது இதுதான். வறட்சியால் முந்தைய ராபி விளைச்சல் நலிந்திருந்தது. பருவமழை தாமதித்ததால் காரீப் நடவும் தாமதித்தது. பிறகு அறுவடை நேரத்தில் மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் மழை கொட்டித் தீர்த்தது. டிசம்பரில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. இப்போது ஓர் எண்ணைப் பாருங்கள். 2018-19 வேளாண் ஆண்டில் இந்தியாவின் மொத்த வெங்காய விளைச்சல் சுமார் 228 லட்சம் டன். தட்டுப்பாடு வந்த 2019-20-இல் அது சுமார் 261 லட்சம் டன்! பஞ்ச ஆண்டில் விளைச்சல் கூடுதல். காரணம் எளிது. அவ்வாண்டின் ராபி பயிர் 2020 கோடையில் நன்றாக விளைந்து மொத்தத்தைத் தூக்கிவிட்டது. டிசம்பரில் அழுத இல்லத்தரசிக்கு ஏப்ரல் வெங்காயத்தால் என்ன பயன்?

மாறுமின்னோட்டத்தின் சராசரி மதிப்பு பூஜ்யம் என்று வகுப்பில் சொல்லும்போது, அப்படியானால் தொட்டுப் பார்க்கலாமா என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வருவதுண்டு. ஆண்டு மொத்தத்தைப் போட்டுவிட்டு, விளைச்சல் இவ்வளவு இருக்கத் தட்டுப்பாடு ஏன் என்று வியந்து, உடனே பதுக்கல் என்ற விடைக்குத் தாவும் கட்டுரைகளிடம் அதே கேள்வியைத்தான் கேட்கவேண்டும்.

அடுத்த பிழை, விலையைக் கொண்டு பற்றாக்குறையை அளப்பது. விலை நான்கு மடங்கானால் சரக்கு நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது என்று நாம் உள்ளூர நம்புகிறோம். செய்திகளும் அந்நம்பிக்கையை வளர்க்கின்றன. விறைப்பான ஒரு சுருள்வில்லை நினைத்துக்கொள்ளுங்கள். சிறிது நீட்டவும் பெரும் விசை வேண்டும். வெங்காயத் தேவை அத்தகையது. விலை ஏறினாலும் தாளிப்பதை நிறுத்துவோர் சிலரே. ஆகவே பத்து சதவிகிதக் குறைவை ஈடுகட்டவே விலை பன்மடங்கு ஏறவேண்டியிருக்கிறது.

ஒரு தெருவில் நூறு வீடுகள், வீட்டுக்கு வாரம் ஒரு கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரம் 90 கிலோ மட்டுமே வருகிறது. சமமாகப் பகிர்ந்தால் வீட்டுக்குப் பெரிய வெங்காயம் ஒன்று குறையும், அவ்வளவே. ஆனால் காலையில் நாளிதழைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவரும் இரண்டு கிலோ வாங்கினால் 45 வீட்டோடு சரக்கு தீர்ந்துவிடும். 55 பேர் வெறும் பையோடு திரும்புவார்கள். மறுநாள் நாளிதழில் வருவது அந்த 55 பேரின் படம். எஞ்சிய 45 கிலோ மழைக்கால ஈரத்தில் அடுப்பங்கரை மூலையில் முளைவிட்டுக்கொண்டிருக்கும். அதை யாரும் படம் எடுப்பதில்லை.

பதுக்கல் என்ற சொல்லையும் சற்று உரித்துப் பார்க்கவேண்டும். இலாபத்துக்காகச் சரக்கை வெளியே விடாமல் வைத்திருக்கும் வியாபாரிகள் இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் சேமிப்பு அனைத்தையும் பதுக்கல் என்று எழுதினால், செப்டம்பரில் நாம் எதை உண்போம்? மகாராஷ்டிர விவசாயி, தரையிலிருந்து சற்று உயர்த்திய, பக்கங்களில் காற்றுப் புகும் மூங்கில் அல்லது மரக் கொட்டகையில் ராபி வெங்காயத்தைக் கொட்டி வைக்கிறார். நம் பெரம்பலூர், திண்டுக்கல் பக்கங்களில் சின்ன வெங்காயத்துக்குப் பட்டறை போடுவதும் இதே முறையில்தான். ஐந்து மாதத்தில் உலர்தல், அழுகல், முளைத்தல் மூன்றுமாகச் சேர்ந்து 30 முதல் 40 சதவிகிதம் வரை இழப்பு ஏற்படுவதாகக் கணக்கிடுகிறார்கள். வெங்காயத்தின் எடையில் ஆறில் ஐந்து பங்குக்கு மேல் தண்ணீர் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. நாட்டின் பெரிய கிடங்குக்கொள்ளை இதுவே. இதைச் செய்பவை வெப்பமும் ஈரமும். கைது செய்ய ஆளில்லை.

இவ்விடத்தில் ஆசிரியர் உரை எழுதுவோர் தவறாமல் சொல்லும் மருந்து, ஊர்தோறும் குளிர்பதனக் கிடங்கு. உருளைக்கிழங்குக்குச் சரி. வெங்காயம் விசித்திரமான பொருள். 0 டிகிரி சென்டிகிரேடு அளவில் அது உறங்கும். வேடிக்கை என்னவென்றால் 25 முதல் 30 டிகிரியிலும் உறங்கும். இடைப்பட்ட 10 முதல் 20 டிகிரியில் விழித்துக்கொண்டு விரைவாக முளைவிடும். அரைகுறையாகக் குளிரூட்டுவது வெளியே வைப்பதைவிடக் கேடு. நன்றாகக் குளிர்விக்க மின்செலவு மிகும். குளிரிலிருந்து எடுத்து நம் ஊர்க் காற்றில் வைத்தாலோ, ஐஸ் போட்ட டம்ளரின் வெளிப்புறம் போல மேல்தோலில் நீர் பூக்கும்; பூஞ்சைக்கு அதைவிட விருந்து வேறில்லை. இத்தனையும் மேல்நிலைப்பள்ளி மாணவர் புரிந்துகொள்ளக்கூடிய விஷயங்கள்தாம். ஆனால் கிடங்கு வேண்டும் என்று எழுதும் கட்டுரைகளில் ஒரு வெப்பநிலைகூடத் தென்படுவதில்லை.

கதிர்வீச்சு முறையோ எதிர்ப்பக்கப் பிழைக்கு ஆளாகிறது. நாசிக் மாவட்டம் லாசல்காவ், நாட்டின் மிகப் பெரிய வெங்காயச் சந்தை. அங்கே 2002-இல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கோபால்ட்-60 காமாக்கதிர் நிலையம் ஏற்பட்டது. அணு என்ற சொல்லைக் கேட்டதும் அஞ்சுவோர்க்கு ஒரு கணக்கு. முளைப்பதைத் தடுக்கத் தேவையான அளவு சுமார் 60 கிரே. அதாவது கிலோவுக்கு 60 ஜூல். வெங்காயத்தைத் தண்ணீர் என்றே கொண்டால், இந்த ஆற்றல் அதன் வெப்பநிலையை ஒரு டிகிரியில் எழுபதில் ஒரு பங்கு உயர்த்தும். முளைக்குருத்தின் செல்கள் பிளவுறுவதை நிறுத்த அதுவே போதும். கோபால்ட் கதிரின் ஆற்றல் வெங்காயத்தைக் கதிரியக்கப் பொருளாக மாற்றப் போதாது. அச்சத்துக்கு இடமில்லை. ஆனால் இதோ வந்துவிட்டது தீர்வு என்று எழுதுவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கதிர் முளையை மட்டும் தடுக்கும்; உலர்தலையும் அழுகலையும் தடுக்காது.

இனி ஆணைகளுக்கு வருவோம். குளியலறையில் வெந்நீர் நெடுந்தூரக் குழாய் வழியே வருவதாக எண்ணுங்கள். சில்லென்றிருக்கிறதே என்று திருகைத் திறக்கிறீர்கள்; பயன் தெரியாததால் மேலும் திறக்கிறீர்கள்; சற்று நேரத்தில் தோல் பொரியும் வெந்நீர். அலறி மூடினால் மறுபடி குளிர்நீர். கருத்தில் பிழையில்லை, நேரத்தில் பிழை. 2018 நவம்பரில் நாசிக் மாவட்ட விவசாயி ஒருவர் 750 கிலோ வெங்காயத்தை விற்று 1,064 ரூபாய் பெற்று, மனம் வெதும்பி அப்பணத்தைப் பிரதமருக்கே அனுப்பினார். கிலோ 1 ரூபாய் 40 காசு. ஏறக்குறைய ஓராண்டு கழித்து 100 ரூபாய். ஏற்றுமதித் தடை 2019 செப்டம்பர் 29-இல் வந்து 2020 மார்ச் 15 வரை நீடித்தது. அது நீங்கியபோது புதிய ராபி அறுவடை தொடங்கிவிட்டது. 2020 செப்டம்பரிலும் 2023 டிசம்பரிலும் மீண்டும் தடை. 2023-இன் தடை 2024 மே மாதம் வரை, அதாவது ராபி அறுவடைக் காலம் ஏறக்குறைய முழுவதும் நீடித்தது. விற்கவேண்டிய வேளையில் வழி அடைபட்ட விவசாயி அடுத்த பருவத்தில் எவ்வளவு நடுவார்?

2019-இல் நம் தடையால் வங்கதேசத்தில் விலை கிலோ 200 டாக்காவைத் தாண்டியது. விமானத்தில் வெங்காயம் இறக்கும் நிலை அவர்களுக்கு ஏற்பட்டது. நம் செய்திகளில் இது ஓரத்துத் துணுக்காகவே வந்தது.

இழப்பு 30 சதவிகிதம், 40 சதவிகிதம் என்று படிக்கும்போது, எந்த நிலையில் வைத்த வெங்காயத்துக்கு என்ற கேள்வி எழவேண்டும். மாணவர்கள் இதை வீட்டிலேயே சோதிக்கலாம். நன்கு காய்ந்த வெங்காயம் மூன்று கிலோ வாங்குங்கள். ஒரு கிலோவைப் பிரம்புக் கூடையிலும், ஒரு கிலோவை வாய் கட்டிய பாலிதீன் பையிலும், ஒரு கிலோவைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த் தட்டிலும் வையுங்கள். வாரம் ஒருமுறை எடையையும், முளைத்தவை, அழுகியவை எத்தனை என்பதையும் தனித்தனியே குறித்து, பத்து வாரத்துக்கு வரைபடம் வரையுங்கள். ஏப்ரலில் ஒருமுறையும் ஐப்பசி மழையில் ஒருமுறையும் செய்தால் இரண்டு வரைபடங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.